வேகமாகப் பரவினால் என்ன?

"புதுசா ஒண்ணு வந்திருக்காமே. வேகமாப் பரவுமாம், ஆனா ஆபத்தில்லையாம். அப்புறம் எதுக்கு இத்தனை களேபரம்?"

உருமாறிய கொரோனா பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் மருந்துக்கடை வாசலில் இந்தக் கேள்வி காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். கேட்பவர்களில் பலர் வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குச் சரியான பதில் போய்ச் சேர வேண்டும். அந்தப் பதில், 2020 டிசம்பரில் பிரிட்டன் பட்ட பாட்டில் இருக்கிறது.

கென்ட்டில் விழுந்த முதல் சந்தேகம்

2020 நவம்பரில் இங்கிலாந்து முழுக்க ஊரடங்கு. பல பகுதிகளில் தொற்று இறங்கியது. தென்கிழக்கு மூலையில் இருக்கும் கென்ட்டில் மட்டும் ஊரடங்குக்கு நடுவிலேயே ஏறிக்கொண்டு போனது. ஏன் என்று தேடினார்கள். அங்கே பல ஆய்வகங்களில் இருந்த பிசிஆர் பரிசோதனை, கிருமியின் மூன்று மரபணுப் பகுதிகளைத் தேடும். இரண்டு பளிச்சென்று தெரிய, மூன்றாவது மட்டும் தென்படாத மாதிரிகள் குவிந்தன. கிருமியின் மேலிருக்கும் முள் புரதத்துக்கான பகுதி அது. கோளாறு பரிசோதனையில் இல்லை. அந்த இடத்தில் கிருமியே மாறிப்போயிருந்தது. பழைய மாதிரிகளைத் தோண்டிப் பார்த்தால், செப்டம்பர் 20 அன்று எடுத்த ஒன்றிலேயே அது இருந்தது. ஆல்ஃபா என்ற பெயர் அதற்கு 2021 மே கடைசியில்தான் வந்தது.

டிசம்பர் 14 அன்று சுகாதார அமைச்சர் மேட் ஹேன்காக் நாடாளுமன்றத்தில் விஷயத்தைச் சொன்னார். 19ஆம் தேதி பிரதமர் போரிஸ் ஜான்சன், இது 70 சதவீதம் வரை அதிகமாகப் பரவக்கூடும் என்றார். லண்டனிலும் தென்கிழக்கிலும் கிறிஸ்துமஸுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் கூடாது என்றும் அறிவித்தார். மறுநாள் இரவு பிரான்ஸ் எல்லையை மூடியது. ஆயிரக்கணக்கான லாரிகள் அதே கென்ட்டில் தேங்கி நின்றன. வண்டிக்குள்ளேயே முடங்கிய ஓட்டுநர்களுக்குச் சுடச்சுடச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் சீக்கியத் தொண்டர்களும் உண்டு. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். இந்தியாவும் 22ஆம் தேதி நள்ளிரவோடு பிரிட்டன் விமானங்களை நிறுத்தியது. ஆனால் 29ஆம் தேதிக்குள், பிரிட்டனிலிருந்து திரும்பிய ஆறு பேரிடம் அதே திரிபு இருப்பது உறுதியாகிவிட்டது.

சந்தேகப்பட்டவர்கள் சொன்னதிலும் பொருள் இருந்தது

பண்டிகை நேரத்தில் அரசு பூச்சாண்டி காட்டுகிறது என்று கோபப்பட்டவர்கள் ஒரு பக்கம். அதை விடுவோம். ஆய்வாளர்களிலேயே சிலர் 'கொஞ்சம் பொறுங்கள்' என்றார்கள். அவர்களிடம் வலுவான காரணம் இருந்தது. அதே ஆண்டு கோடையில் ஸ்பெயினில் கிளம்பிய ஒரு திரிபு ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஆராய்ந்தபோது, கிருமிக்குப் புது வேகம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. விடுமுறைக்குப் போனவர்கள் அதைத் தங்கள் ஊர்களுக்குக் கொண்டுவந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு திரிபு பரவிவிட்டது என்பதாலேயே அது வேகமானது ஆகிவிடாது.

கென்ட் கதை வேறு மாதிரி முடிந்தது. ஊர் ஊராக, வயது வயதாகப் பிரித்துப் பார்த்தபோதும், பழைய கிருமி சுருங்கிய இடங்களில் புதியது வளர்ந்தது. 43 முதல் 90 சதவீதம் வரை கூடுதலாகப் பரவுகிறது என்ற மதிப்பீடு பின்னர் வெளியானது. எச்சரித்தவர்கள் சொன்னது சரியாகிவிட்டது. ஆனாலும் ஆதாரம் கேட்டவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

கணக்குப் போட்டால்தான் புரியும்

'வேகம்தானே, கொடியது இல்லையே' என்கிறோம் அல்லவா? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேருக்குத் தொற்று இருக்கிறது. பத்துப் பேர் பன்னிரண்டு பேருக்குக் கொடுக்கிறார்கள். நூற்றுக்கு ஒருவர் இறக்கிறார். ஐந்து சுற்று கழிந்தால் சுமார் 2,500 பேருக்குத் தொற்று; அதில் 25 பேர் இறப்பார்கள்.

இப்போது கிருமி ஒன்றரை மடங்கு கொடியதாகிறது, வேகம் மாறவில்லை. இறப்பு 37.

கொடுமை பழையபடியே இருக்கட்டும், வேகம் மட்டும் ஒன்றரை மடங்காகட்டும். பத்துப் பேர் பதினெட்டுப் பேருக்குக் கொடுப்பார்கள். ஐந்தாவது சுற்றில் தொற்று ஏறக்குறைய 19,000. இறப்பு 189.

கொடுமை ஒருமுறைதான் பெருக்கும். வேகம் ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கும். பிரிட்டனில் இது தாளோடு நிற்கவில்லை. முதல் தடுப்பூசி டிசம்பர் 8 அன்றே போட்டாகிவிட்டது. இருந்தும் 2021 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் 1,820 மரணங்கள் பதிவாயின. அடுத்து வந்த டெல்டா, ஆல்ஃபாவையும் முந்தியது. அந்த மே மாதம் தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியதையும், படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்ததையும் நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

பெயர் மாறினாலும் வழி ஒன்றுதான்

கவலைப்படுபவர்களுக்கு இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. ஆல்ஃபா ஆனாலும், ஒமிக்ரான் ஆனாலும், அதன் வழிவந்த ஜேஎன்.1 ஆனாலும் வருவது மூச்சுக்காற்று வழியாகத்தான். ஆகவே ஒவ்வொரு திரிபுக்கும் புதுப்புது மருந்தைத் தேடி ஓட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிர்சாதன வசதி உள்ள கல்யாண மண்டபத்தில் நெருக்கியடித்து உட்கார நேர்ந்தால் என்95 முகக்கவசம் போடுங்கள். மூக்கின் மேலிருக்கும் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். இருமலும் காய்ச்சலுமாக இருக்கும்போது பாட்டியைப் பார்க்கப் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அது ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு மூச்சுத்திணறியவர்களுக்கு. மற்றவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டும் சேர்ந்ததால் 2021இல் கரும்பூஞ்சை எத்தனை பேரின் கண்ணைப் பறித்தது என்று பார்த்தோம்.

96 என்று காட்டிய விரல்

ஒமிக்ரான் 'லேசானது' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த 2022 ஜனவரியில் என் அம்மாவுக்குத் தொற்று வந்தது. வயது 74, சர்க்கரை உண்டு. கட்டிலில் உட்கார்ந்தபடி விரலை நீட்டினார். ஆக்சிமீட்டர் 96 காட்டியது. "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் பயப்படுறீங்க" என்றார். போனில் மருத்துவர், "நகப்பூச்சு இருக்கா? விரல் சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டார். இரண்டும் அளவைக் கெடுக்குமாம். கருத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டிவிடலாம் என்றும் சொன்னார். பிறகு, "அவங்களை ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பாருங்க" என்றார்.

தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்தபடி நடந்தார் அம்மா. நான்காவது நிமிடமே பேச்சு நின்றது. உட்காரவைத்து மறுபடி விரலில் மாட்டினோம். 91. அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

94க்குக் கீழே போனாலோ, நடந்த பிறகு மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ, பெரியவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, காலை வரை காத்திருக்காதீர்கள். நாங்கள் அன்று அம்மாவை நடக்கவிடாமல் இருந்திருந்தால், 96ஐப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.