குறளர் வேடம் பூண்ட சிறுவன்

நம் சங்க நூலகத்தில் ஞாயிறுதோறும் மாலையில் கூடும் சிறுவர்கள் ஒரு புதுவகை விளையாட்டில் ஆழ்ந்திருக்கிறார்கள் என்று கேள்வியுற்றோம். பெற்றோர் இருவர் நம்மிடம் முறையிட்டும் சென்றனர். "பூதம், நிலவறை, பகடை என்று பொழுது போகிறதே, படிப்புக் கெடாதா?" என்பது அவர்தம் கவலை. பகடை என்றவுடன் நமக்கும் சற்றே அச்சம் உண்டாயிற்று. ஆகவே நேரில் சென்று மூன்று வாரம் உடனிருந்து பார்த்தோம்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கி 1974-இல் வெளியிட்டனர். இதில் பணயம் இல்லை. பிறரைத் தோற்கடிப்பதும் நோக்கமன்று. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு வேடம் பூண்டு, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே போவர். செய்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை காட்டும். கூத்தும் கதைசொல்லலும் கணக்கும் கலந்த ஆட்டம் எனலாம்.

நம் சிறுவர் கையிலிருந்தது 1981-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் வேடங்கள் ஏழு. மனிதருக்கு நான்கு, வேற்றினத்தார்க்கு மூன்று. அம்மூன்றனுள் ஒன்றே குறளர். நான்கடி உயரம், திரண்ட உடல், நீண்ட தாடி, மலையைக் குடைந்து வாழும் வாழ்க்கை, பொன்னிலும் கைத்தொழிலிலும் தீராக் காதல் இவை அவர் இலக்கணம். இக்குறளர் வடஐரோப்பியப் பழங்கதைகளின் வழிவந்தவர். இடித்தேவனாகிய தோரின் சம்மட்டியைச் செய்தளித்தவர் குறளரே என்பது ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வைக்கப்பட்ட கதை. டோல்கியன் 1937-இல் வெளியிட்ட 'ஹாபிட்' நூலில் வரும் குறளர் பெயர்களிற் பலவும் ஐஸ்லாந்துப் பழம்பாடல் ஒன்றிலிருந்து எடுத்தவையே.

முதல் நாள் வேடம் பகிர்ந்தபோது நிகழ்ந்தது நம் மனத்தை வருத்தியது. கூட்டத்தில் உயரம் குறைந்த சிறுவன் ஒருவன் உளன். "நீதான் ஏற்கெனவே குள்ளன் ஆயிற்றே, குறளனாக இரு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தனர். பள்ளியிலும் அவனுக்கு அப்பெயரே என்று பின்னர் அறிந்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. விதிநூலை மட்டும் இரவலாக வாங்கிச் சென்றான்.

அந்நூல் குறளருக்கு அளித்திருப்பது சிறிதன்று. இருளிலும் 60 அடி தொலைவு காணும் கண் அவர்க்குண்டு. மந்திரத்தையும் நஞ்சையும் தாங்கும் வலிமை மனிதப் போர்வீரனைக் காட்டிலும் மிகுதி. பொறி, நகரும் சுவர், சரிவான வழி, புதிதாகக் கட்டிய கட்டுமானம் ஆகியவற்றை ஆறுமுகப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் கண்டறிவர். ஆயின், "பார்க்கிறேன்" என்று ஆடுபவன் வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு ஒன்றும் புலப்படாது. குறைகளும் உண்டு. நெடுவில்லும் இருகை வாளும் அவர்க்கு ஆகா. பன்னிரண்டாம் படிக்குமேல் உயரவும் இயலாது. (2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இத்தகைய வரம்புகளை நீக்கிற்று.)

அடுத்த வாரம் நிலவறை வாயிலில் அச்சிறுவன், "சுவரைத் தடவிப் பார்க்கிறேன்" என்றான். பகடையில் ஐந்து விழுந்தது. தோழர் நகைத்தனர். அடுத்த நடையிலும், "தரையைப் பார்க்கிறேன்" என்றான். விழுந்தது இரண்டு. முன்னே இருந்த கல், படுகுழியை மூடிய பொய்த்தளம் என்று கதை நடத்துபவன் அறிவித்தான். எல்லோரும் அதன்மேல் கால் வைக்கவிருந்தவர்களே! மூன்றாம் வாரம், "முதலில் நீ பாரடா" என்று அவனை முன்னே அழைத்தனர். 'குள்ளன்' என்ற சொல்லை அன்று நாம் கேட்கவில்லை. பள்ளியில் அது நின்றதா என்று கேட்டதற்கு அவன் இல்லையெனத் தலையசைத்தான். அவன் தாயாரோ, "மாமா, இங்கே வந்தால்தான் இவன் நாலு வார்த்தை பேசுகிறான்" என்றார்.

குறுமுனியையும் வாமனனையும் போற்றும் மரபில் வந்தவர் நாம். இருந்தும் உயரம் குறைந்தவரைக் கண்டால் நகைக்கும் வழக்கம் நம்மிடையே ஒழியவில்லை. குறளர் வேடம் என்றால் தாடியை உருவி, மதுக்கிண்ணம் ஏந்தி, கூச்சலிடுவதே என்று ஆடுவோரும் உளர். அவ்வாறு ஆடினால் வேடமும் கெடும். கேட்போர் மனமும் புண்படும். முன்னே நின்று அடி தாங்குவதும், கல்லை ஆராய்ந்து தோழரைக் காப்பதுமே அவ்வேடத்தின் கடமை.

மற்றொன்றும் கண்டோம். குறளன் தன் இனத்து மொழியையும் எல்லோர்க்கும் பொதுவான மொழியையும் தொடக்கத்திலேயே அறிந்திருப்பான். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடு என்று எவரும் சொல்வதில்லை. வீட்டில் தமிழும் வீதியில் பிறமொழியும் பேசி வளரும் நம் சிறார்க்கு இதில் வியப்பொன்றும் தோன்றவில்லை.

பெற்றோர்க்கு நம் விண்ணப்பம் இதுவே: வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் என்று வரையறுத்து அனுமதியுங்கள். தடை செய்யுமுன் ஒரு ஞாயிறு வந்து, ஓரமாக அமர்ந்து கேளுங்கள்.