முள் காட்டுவது உயரத்தை மட்டும்

விசைப்படகின் எரிபொருள் மானி பொய் சொல்கிறது என்று பலரும் அதைத் திட்டுகிறார்கள். பாவம், தொட்டிக்குள் மிதவை நிற்கும் உயரத்தைத்தான் அது சொல்கிறது. லிட்டர் கணக்கு அதற்குத் தெரியாது. படகின் அடிப்பகுதி ஆங்கில 'வி' போலக் குறுகுவதால் தொட்டியும் பெரும்பாலும் அப்படியே குறுகும். முழு முக்கோணத் தொட்டியானால், முள் பாதியில் நிற்கும்போது மிச்சம் கால் பங்குதான். வேகமெடுத்து முகப்பு தூக்கினால் டீசல் பின்பக்கம் சாய்ந்து கணக்கு மேலும் குழம்பும். ஆகவே படகை நிறுத்தி, மட்டமாக மிதக்கும்போதுதான் முள்ளைப் பார்க்க வேண்டும். காலித் தொட்டியில் இருபது இருபது லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் நிற்குமிடத்தைக் குறித்து ஓர் அட்டவணை ஒட்டிவைப்பது அரைநாள் வேலை.

மிதவைக் கருவியும் மானியும் ஒரே வகையாக இருப்பதும் முக்கியம். மிதவையின் உயரத்தை மானிக்குச் சொல்வது மின்தடைதான்: அமெரிக்க வகை காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33 ஓம். ஐரோப்பிய வகை காலிக்கு 10, நிறைவுக்கு 180. அமெரிக்க மானியில் ஐரோப்பிய மிதவையை இணைத்தால் காலித் தொட்டி 'நிறைவு' என்று காட்டும்! எஞ்சின் குடிப்பதை அளக்கும் ஓட்டமானி இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். செலவை அது துல்லியமாகவே சொல்லும்; ஆனால் தொடக்க இருப்பை நாம்தான் சொல்ல வேண்டும், கசிவும் அதன் கண்ணில் படாது.