கொரியா வீட்டில் நம் ஊர் முள்ளங்கி!

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. கொரியக் குடும்பங்களும் வந்தன. நாடு மாறினாலும் நாக்கு மாறுமா?

கொரியாக்காரருக்குச் சோற்றோடு "கிம்ச்சி" வேண்டும். ஊறுகாய் போன்றது அது. கோசில் செய்வார்கள், முள்ளங்கியிலும் செய்வார்கள். முள்ளங்கியைத் துண்டு போட்டு, உப்பிட்டு, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி சேர்த்துப் பிசறிப் புளிக்க வைப்பார்கள். எல்லாம் நம் சந்தைச் சரக்குதானே!

பாஷை தெரியாதா? கவலை வேண்டாம். கொரியக் குழந்தையும் தகப்பனாரை "அப்பா" என்றுதான் கூப்பிடும்! விலையை விரலால் காட்டலாம். தராசு எல்லோருக்கும் புரியும்.

ஒரகடம், சேரப்பணஞ்சேரிப் பக்கம் காய்கறி விற்பவர்களே! அயல்நாட்டார் என்று விலையைக் கூட்டாதீர்கள். நம் பிள்ளைகளும் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்குகிறார்கள். அங்கே அவர்களுக்கு நியாய விலை வேண்டுமல்லவா? அதையே இங்கே இவர்களுக்குச் சொல்லுங்கள்!