வகுப்பறையில் வடிவமைப்புச் சிந்தனை: மாணவர்களே தீர்வு காண நான்கு படிகள்

குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் உள்ள ரிவர்சைடு பள்ளியின் நிறுவனர் கிரண் பிர் சேத்தி, 2009-ம் ஆண்டு ‘டிசைன் ஃபார் சேஞ்ச்’ இயக்கத்தைத் தொடங்கினார். வடிவமைப்புச் சிந்தனையை உணர்தல், கற்பனை செய்தல், செயல்படுத்துதல், பகிர்தல் என நான்கு படிகளாக எளிமைப்படுத்தியதே இதன் சிறப்பு.

தங்களைப் பாதிக்கும் சிக்கலை மாணவர்களே கண்டறிவது முதல் படி. உதாரணமாக, மதிய உணவு வீணாவதாகக் கருதினால், விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் உணவை மீதம் வைப்போரிடம் காரணம் கேட்க வேண்டும். பரிமாறும் அளவு அதிகமா, உண்பதற்கு நேரம் போதவில்லையா என்பது அப்போதுதான் தெரியவரும். அதன் பின்னர் பல தீர்வுகளை யோசித்து, ஒன்றைச் செய்துபார்த்து, அனுபவத்தைப் பிற பள்ளிகளுடன் பகிர்ந்துகொள்ளலாம்.

சிக்கலை ஆசிரியரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், இதுவும் மதிப்பெண்ணுக்கான மற்றொரு செய்முறைப் பயிற்சியாகவே முடிந்துவிடும்.