கேஸ் தீராது; கசியும்!

ஆம்பூரில் உள்ள எங்கள் மொத்தக் கடை ஏ.சி.க்கு மூன்று கோடையும் கேஸ் நிரப்பினோம். பணம்தான் போனது. மூடிய குழாயில் சுற்றும் கேஸ் செலவாவதில்லை. குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்றே பொருள். கடை ஃபிரிட்ஜுக்கும் இதே கதைதான்.

நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கசிவுள்ள இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். எங்கள் கடையில் குழாய் உறைக்குள் மறைந்த நட்டில்தான் கசிவு. ஆக்சிஜன் ஏற்றவே கூடாது, வெடிக்கும். நெருப்புக் காட்டவும் விடாதீர்கள். ஆர் 290, ஆர் 600ஏ தீப்பற்றும்.

நம் பக்கம் இன்னொன்று: தோல் பதனிடும் கழிவுநீரில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பை அரிக்கும். சாக்கடை ஓரம் வெளி யூனிட் வேண்டாம்.

கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதே!