நினைவிழந்தவரும் அவர்தம் துணைவரும்
மூளைக் காயத்திற்குப் பின் வரும் டிமென்ஷியாவும் மேய்ப்புப் பணியும்

மரணம், வறுமை, குடும்பப் பிணக்கு ஆகியவற்றால் துயருறும் இல்லங்களைச் சந்திக்க இறையியல் கல்லூரிகள் நமக்குப் பயிற்சி அளித்துள்ளன. ஆனால் கணவர் உயிரோடிருந்தும் முன்பிருந்த கணவராக இல்லாத இல்லத்திற்குச் செல்லும் ஆயர் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லலாகாது என்பதை நம்மில் பலர் கற்றதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

சேலத்திலிருந்து கரூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை (முன்னர் 7ஆம் எண், இன்று 44) காவிரியைக் கடக்குமிடத்தில் பரமத்தி வேலூர் அமைந்துள்ளது. இரவும் பகலும் லாரிகள் ஓடும் அச்சாலையை உழவர்கள் இருசக்கர வண்டிகளில் கடந்தே தங்கள் வயல்களுக்குச் செல்கின்றனர். எனவே தலைக்காயம் என்பது இப்பகுதி ஆயர்களுக்குப் புதிய செய்தியன்று.

நான் இப்பகுதியில் ஊழியம் செய்த நாள்களில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சபையார் ஒருவர் விபத்தில் தலையில் அடிபட்டார். அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். நாங்கள் நன்றி ஆராதனை நடத்தினோம். சில மாதங்களில் நிலைமை மாறியது. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார். நடவாதவற்றை நடந்ததாகச் சொன்னார். சில வேளைகளில் மனைவியைத் தம் தமக்கை என்று எண்ணினார். ஆராதனை நடுவே எழுந்து உரத்த குரலில் ஏசினார். அவர் தெளிவடையும் வரை திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று குருசேகரக் குழுவினர் கருதினர், நானும் இசைந்தேன். அடுத்த ஞாயிறு முதல் அவர் மனைவியும் ஆலயத்திற்கு வரவில்லை. அதன் காரணத்தை நான் உணர ஏழு மாதங்கள் சென்றன.

1. நோயின் இயல்பு

தலை வேகமாக மோதும்போது மண்டையோட்டினுள் மூளை முன்னும் பின்னும் அசைகிறது. நெற்றிப் பக்கமும் பொட்டுப் பக்கமும் உள்ள மூளைப் பகுதிகள் கரடுமுரடான எலும்புத் தளத்தில் உராய்கின்றன. நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. பொட்டுப் பகுதி புதிய நினைவுகளைப் பதிப்பதற்கும், நெற்றிப் பகுதி சினத்தை அடக்குவதற்கும் திட்டமிடுவதற்கும் இன்றியமையாதவை. ஆகவே கை கால்கள் நன்றாயிருக்க, குணம் மட்டும் மாறிவிடுதல் கூடும். 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையின்போது இரும்புக் கம்பி தலையைத் துளைத்தும் உயிர் பிழைத்த பினியஸ் கேஜ் என்பவரைக் குறித்து, அவர் பழைய கேஜ் அல்லர் என்றே நண்பர் கூறினர். ஆயினும் அவர் பின்னர்ச் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நாள்தோறும் மாறாத ஒழுங்கு அவருக்கு உதவியிருக்கலாம் என்பர் ஆய்வாளர் சிலர்.

இங்கு இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். காயத்தால் உடனே நேர்ந்த அறிவாற்றல் குறைவு பெரும்பாலும் ஓரளவு சீராகிப் பின்னர் ஒரு நிலையில் நிற்கும். ஆனால் தலைக்காயம் பட்டவருக்குப் பிற்காலத்தில் படிப்படியாக வளரும் டிமென்ஷியா வரும் வாய்ப்பும் மிகுதி. 2020இல் லான்செட் மருத்துவக் குழு அதனைத் தவிர்க்கத்தக்க காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நிலைமை மோசமாகிக்கொண்டே சென்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாகாது. மூளையைச் சுற்றி மெதுவாகத் தேங்கும் குருதி, மூளையில் நீர் தேக்கம், வலிப்பு, மனச்சோர்வு, தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை சிகிச்சைக்கு உட்படுபவை. நரம்பியல் மருத்துவரிடம் மீண்டும் காட்டுமாறு வலியுறுத்துவது ஆயரின் கடமை. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார் என்பதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஜெபத்தையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்துவது நம் மரபன்று.

நடவாததை நடந்ததாகச் சொல்வது பொய்யன்று. நினைவில் உள்ள வெற்றிடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. சொல்பவர் அதை உண்மையென்றே நம்புகிறார். தமக்குக் குறைவு உண்டென்று அறியாதிருப்பதும் பிடிவாதமன்று. அதுவும் நோயின் கூறே. இதை அறியாத ஆயர், மனந்திரும்புதலுக்கு அழைக்க வேண்டாத இடத்தில் அழைப்பார். அதையே நான் செய்தேன்.

2. துணைவரின் துயரம்

உடலால் உடனிருந்து உள்ளத்தால் அகன்றுவிட்டவரைக் குறித்த துயருக்கு, பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டார். இதற்கு அடக்க ஆராதனை இல்லை. துக்கம் விசாரிக்க எவரும் வருவதில்லை. உயிர் பிழைத்தாரே என்று சொல்பவர்களுக்கு முன் மனைவி அழவும் இயலாது. என்னிடம் அந்த அம்மையார் ஒருநாள் சொன்னது இது: “ஐயா, அவர் இறந்திருந்தால் நல்லது என்று நேற்று நினைத்தேன். இதற்கு மன்னிப்பு உண்டா?” அந்நினைவு கொலை பாதகமன்று, களைப்பின் குரல். இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதமும் திருமறையில் இடம்பெற்றுள்ளது என்பதை இத்தகையோருக்கு நாம் காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் கொலம்பியா வேதாகமக் கல்லூரியின் தலைவராயிருந்த ராபர்ட்சன் மெக்குயில்கின், அல்சைமர் நோயுற்ற தம் மனைவி மியூரியலைப் பேணுவதற்காக 1990இல் பதவி துறந்தார். 2003இல் மனைவி மறையும்வரை உடனிருந்தார். இச்சான்று போற்றத்தக்கது. எனினும் இதைப் பிரசங்கத்தில் கையாளும்போது எச்சரிக்கை தேவை. நம் ஊர்களில் கூலி வேலைக்குச் செல்லும் பெண் வேலையைத் துறந்தால் அடுப்பு எரியாது. மேலும், கணவன் பராமரித்தால் தியாகம் என்றும் மனைவி பராமரித்தால் கடமை என்றும் பேசுவது நம் வழக்கமாயிற்று. திருமண உடன்படிக்கை அடியும் உதையும் பட்டுக்கொண்டிருக்குமாறு எவரையும் கட்டளையிடவில்லை. நோயாளர் கை ஓங்குவாரானால், துணைவர் விலகி நிற்கவும், பிறரை அழைக்கவும், மருத்துவமனையில் சேர்க்கவும் உரிமையுடையவர் என்று ஆயர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

3. திருவிருந்து பற்றிய கேள்வி

தன்னைத்தானே சோதித்தறிய இயலாதவருக்குத் திருவிருந்து கொடுக்கலாமா? 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தைக் காட்டியே எங்கள் குழு தடை கூறியது. ஆனால் பவுலடியார் அங்குக் கண்டிப்பது மறதியுள்ளவரை அன்று. முந்தி உண்டு, இல்லாதவரை வெட்கப்படுத்திய வசதியுள்ளோரையே. சரீரத்தை நிதானித்தறிதல் என்பது சபையாகிய சரீரத்தையும் குறிக்கும் என விளக்கவுரையாளர் பலர் கூறுவர். அவ்வாறாயின், நிதானித்தறியத் தவறியவர்கள் அவரை வெளியே நிறுத்திய நாங்களே.

நினைத்தல் என்பதற்குரிய ஸாகர் என்னும் எபிரெயச் சொல் உள்ளத்து நினைவை மட்டும் குறிப்பதன்று, செயலையும் உள்ளடக்கியது. கடவுள் நோவாவை நினைத்தபோது காற்று வீசி நீர் வடிந்தது (ஆதி. 8:1), உடன்படிக்கையை நினைத்தபோது விடுதலை தொடங்கிற்று (யாத். 2:24). நாம் அவருக்குரியவர்களாயிருப்பது நம் நினைவாற்றலைச் சார்ந்ததாயின், நம்முள் எவரும் நிலைநிற்க இயலாது. திமிர்வாதக்காரனைச் சுமந்த நால்வரின் விசுவாசத்தைக் கண்டே ஆண்டவர் பேசினார் (மாற்கு 2:5).

4. சபை செய்யத்தக்கவை

(அ) “நான் யார், தெரிகிறதா?” என்று நோயாளரைச் சோதிக்கலாகாது. நம் பெயரை நாமே முதலில் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு செய்தி, சிறிய வாக்கியம் போதும். தவறைத் திருத்தி வாதிடுவதால் பயனில்லை.

(ஆ) கைப்பழக்கமும் பழைய பாடல்களும் நெடுநாள் நிலைக்கக்கூடியவை. நம் கொடிக்கால்காரர் மனைவியின் பெயரை மறந்த நாளிலும் வெற்றிலையைக் கவுளியாக அடுக்க மறக்கவில்லை. அவ்வேலையை அவருக்கு விட்டுவைப்பது அவருடைய மதிப்பைக் காப்பதாகும்.

(இ) வண்டிச் சாவி, அரிவாள், பூச்சிமருந்து ஆகியவை கைக்கெட்டாதிருக்க வேண்டும். நிலப் பத்திரங்களில் அவரிடம் எவரும் கையொப்பம் வாங்காதபடி மூப்பர்கள் விழிப்பாயிருக்க வேண்டும்.

(ஈ) துணைவருக்கு அறிவுரையைவிட ஓய்வு தேவை. வாரம் இருமுறை இருவர் சென்று இரண்டு மணி நேரம் உடனிருந்தால், அவர் உறங்கவோ சந்தைக்குச் செல்லவோ கூடும்.

(உ) உதவி வழிகளை ஆயர் அறிந்திருக்க வேண்டும். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும், இல்லந்தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் 2021இல் தொடங்கப்பட்டவை. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண் உண்டு. 1992இல் கேரளத்தில் தோன்றிய அல்சைமர் சங்கம் குடும்பத்தாருக்கு வழிகாட்டி வருகிறது.

எட்டாம் மாதத்தில் நான் அவ்வில்லத்திற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அப்பமும் பாத்திரமும் அங்கேயே பரிமாறப்பட்டன. அவர் அப்பத்தைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியை அருகிலிருந்தவருக்குக் கொடுத்தார். அவர் இன்னாரென்று அறிந்து கொடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அம்மையார் அதை வாங்கிக்கொண்டார். மறு ஞாயிறு இருவரும் ஆலயத்திற்கு வந்தனர். பின்வரிசையில் அவர்களுக்கு இருபுறமும் இரண்டு மூப்பர்கள் அமர்ந்தனர். அன்றும் அவர் இருமுறை எழுந்து பேசினார். ஆராதனை நின்றுவிடவில்லை.