35 போடவா, 45 போடவா?

பழைய மாருதி 800-ஐ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். 1983 டிசம்பரில் வந்த கார், 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது. வண்டி நின்றாலும் பேட்டரி கடைக்காரரின் கேள்வி நிற்கவில்லை: "35 போடவா, 45 போடவா?" செல்ஃப் எடுக்காமல் அவதிப்பட்டு வந்தவர் என்ன சொல்வார்? "கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை, பெரிசாவே போட்டுடுங்க." இந்தப் பதிலைத்தான் இன்று நாம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன், கெட்டது பேட்டரிதானா என்று தெரிந்துகொள்வோம். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன் டெர்மினல்களில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி இருக்கிறது. 12-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அநேகமாகக் காலி. இப்போது எப்படியாவது இன்ஜினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 13.8-லிருந்து 14.4-க்குள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை; புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் துடைத்துவிட்டு இறுக்கிப் பாருங்கள். சில வண்டிகளுக்கு வைத்தியம் அதோடு முடிந்துவிடும். முழுதாக சார்ஜ் ஏற்றி, கேபிளைக் கழற்றிவைத்தும் மறுநாள் காலை வோல்ட் இறங்கியிருந்தால் அந்த பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

சரி, 35 என்பது என்ன? ஆம்பியர் அவர் கணக்கு. கடையில் ஏ.ஹெச். என்பார்கள். 1.75 ஆம்பியர் மின்சாரத்தை 20 மணி நேரம் தொடர்ந்து தர முடிந்தால் அது 35 ஏ.ஹெச். பேட்டரி. அதாவது, உள்ளே இருக்கும் கையிருப்பு. இந்தக் கையிருப்பில் ஸ்டார்ட் செய்ய எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடுவோம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, 2 வினாடியில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3,600 வினாடி. 300-ஐ 3,600-ஆல் வகுத்தால் ஒரு ஆம்பியர் அவரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 35-இல் போவது அவ்வளவுதான்!

ஆகவே கையிருப்பு குறைவு என்பதால் 35 ஏ.ஹெச். பேட்டரி தோற்பதில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எத்தனை லிட்டர் என்பது ஏ.ஹெச். அடியில் இருக்கும் குழாய் எவ்வளவு அகலம் என்பது வேறு கணக்கு. ஸ்டார்ட்டருக்கு வேண்டியது ஒரே வீச்சில் வரும் வேகம். அதைத் தருவது குழாய். பேட்டரிக்கு வயதாக ஆக ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகுகிறது, தகட்டின் சட்டம் அரிக்கிறது. குழாய் அடைத்துக்கொள்கிறது. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்கு மங்கி "டக், டக்" என்று சத்தம் மட்டும் வருவது அதனால்தான்.

எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். பழைய 35-ஐ எடுத்துவிட்டுப் புது 45 போடுகிறோம். வண்டி ஒரே சாவியில் சீறிக் கிளம்புகிறது. "பாத்தியா, 45-னா 45தான்" என்கிறோம். கிளப்பியது 45 அல்ல, புதுசு. புது 35 போட்டிருந்தாலும், ஷோரூமிலிருந்து வந்த நாளில் கிளம்பிய அதே வேகத்தில் கிளம்பியிருக்கும்.

குழாயின் அகலத்துக்கும் ஓர் எண் உண்டு, கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ் என்று லேபிளில் இருக்கும். மைனஸ் 18 டிகிரி குளிரில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் 30 வினாடி எத்தனை ஆம்பியர் தர முடியும் என்று சோதித்துப் போடுவது. டீசல் வண்டிக்கு இதை அவசியம் பார்க்க வேண்டும். 800 போன்ற சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு, அதுவும் நம் வெயிலில், இதற்காகத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. நம் பேட்டரிகளைக் கொல்வது குளிரல்ல, சூடு.

பெரிய கையிருப்பு உதவும் இடமும் உண்டு: இன்ஜின் ஓடாதபோது. மியூசிக் சிஸ்டமும் அலாரமும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால் நாளைக்கு 1.2 ஏ.ஹெச். போகும். இரண்டு வாரத்தில் 35-இல் பாதி காலி. 45 போட்டால் அதே பாதி தீர இன்னும் நான்கு நாள் ஆகும், அவ்வளவே. வண்டியை எப்போதாவதுதான் எடுப்பீர்கள் என்றால், நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பதே மேல்.

பெரிய பேட்டரி வயரிங்கை எரித்துவிடும் என்பார்கள். எரிக்காது, இரண்டும் 12 வோல்ட்தான், வண்டி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். ஆல்டர்னேட்டரால் நிரப்ப முடியாது என்பதும் சரியல்ல. எடுத்ததைத்தான் அது திருப்பி வைக்க வேண்டும். உண்மையான சிக்கல் இடம்.

பழைய பேட்டரியின் மேல் 38பி20எல் என்பது போல ஓர் எழுத்து வரிசை இருக்கும். இதில் 38 ஏ.ஹெச். அல்ல, திறனுக்கான தர எண். இந்த பேட்டரி 35 ஏ.ஹெச்.தான். 'பி' அகலமும் உயரமும். 20 என்பது நீளம், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். கடைசி எழுத்து 'எல்'-ஆ, 'ஆர்'-ஆ என்பது டெர்மினல்கள் எந்தப் பக்கம் என்று சொல்கிறது. அது மாறினால் கேபிள் எட்டாது. 45 ஏ.ஹெச்.சில் வழக்கமாக வருவது 55பி24. நான்கு சென்டிமீட்டர் கூடுதல் நீளம். டிரேயில் முழுதாக உட்காராது, கிளாம்ப் பிடிக்காது, குண்டும் குழியுமான ரோட்டில் ஆடியாடித் தகடு உதிரும். நகர்ந்துபோய் பாசிட்டிவ் டெர்மினல் பாடியில் உரசினால் தீயே பிடிக்கலாம். டெர்மினல் தடிமனையும் பாருங்கள். மெல்லியது, தடித்தது என இரு வகை. கிளாம்ப் லூஸாக இருந்தால் சிலர் தகரத்தைச் சுருட்டித் திணிப்பார்கள். அதற்கு விடாதீர்கள்.

மற்றவை சுலபம். ஏ.ஜி.எம். என்று விலை கூடிய வகையைக் காட்டினால், அது சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் புது கார்களுக்கானது. தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். அலமாரியில் சும்மா இருந்தாலும் பேட்டரி இறங்கும், மூன்று மாதத்துக்குள் வந்ததாக வாங்குங்கள். 48 மாத வாரன்ட்டி என்றால் பெரும்பாலும் பாதிக் காலம்தான் இலவச மாற்று, மீதிக்கு விலையில் ஒரு பங்கு தள்ளுபடி. பில்லில் எழுதி வாங்குங்கள். மாட்டும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

பழைய பேட்டரியை அதே கடையில் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்கின்றன 2022-ஆம் ஆண்டு விதிகள். நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெருவில் வருபவரிடம் போட்டுவிடாதீர்கள். உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கினால், அந்தப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.